துண்டில் ஒட்டாத எண்ணெய்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து காற்று. குற்றாலத்தில் சாரலாம். இங்கே சங்கரன்கோவிலில் வாய் நிறையப் புழுதி.

கேட்ச் கேன் வந்துவிட்டது. கூரியர்க்காரன் தெருமுனையில் நின்றுகொண்டு "எங்கன இருக்கீய?" என்று போன் மேல் போன். வீடுவரை வர முடியாதாம். நான்தான் போய் வாங்கினேன்.

எஞ்சின் விடும் எண்ணெய்ப் புகையைப் பிடித்து வைக்கும் கறுப்பு அலுமினிய டப்பா. பார்க்க லட்சணம். மூடியைத் திருகினால் உள்ளே ஒன்றுமே இல்லை, காலிச் சொம்பு. எண்ணெய்ப் புகை உள்ளே வந்து எதிலாவது மோதினால்தான் சொட்டாகக் கீழே இறங்கும். காலிச் சொம்பில் இந்த வாய் வழியாக வந்து அந்த வாய் வழியாகப் போய்விடும். விற்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா. திட்டி ஒரு ரிவ்யூ போட்டேன்.

அக்காவிடம் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார் கேட்டேன், புதுசாக.

"எதுக்குல?"

"அத்தான் வண்டிக்கு."

"அது என்ன வண்டியா, வெங்கலப் பானையா?"

கொடுத்தாள். புளி கொஞ்சம் வேணுமா என்றும் கேட்டாள். நக்கல்.

நாளைக்கு வேண்டியது: எண்ணெய் தாங்கும் ஹோஸ் (கடைக்காரன் தண்ணீர் ஹோஸைத் தலையில் கட்டப் பார்ப்பான், விடக்கூடாது). கிளாம்ப். இரும்புப் பட்டை. கழுவ டீசல்.

வேலைக்குக் கேட்டிருக்கிற ஓசூர் கம்பெனியிலிருந்து மெயில் இல்லை. சென்னை வேலையை விட்டாகிவிட்டது. அக்கா வீட்டில் எத்தனை நாள்தான் உட்கார்ந்து தின்பது.


ஜூலை 5, சனி

அத்தான் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பிச்சிப்பூ ஏற்றி, திருநெல்வேலியில் இறக்கிவிட்டு வர வெயில் ஏறிவிட்டது. பிக்கப்பை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். எஞ்சின் ஆறும்வரை சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு தடவை சூடு பட்டுக்கொண்டேன்.

எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று எண்ணெய். விரலை விட்டு எடுத்தேன், கறுப்புக் கூழ். எஞ்சின் மூடியிலிருந்து வரும் மூச்சுக் குழாய் இந்தக் குழாயில்தான் சேர்கிறது. எஞ்சின் விடும் மூச்சில் எண்ணெய். அதை எஞ்சினே மறுபடி குடிக்கிறது. அதுதான் பின்னால் நீலப் புகை.

மூச்சுக் குழாயை அறுத்து, ஸ்டீல் நார் திணித்த டப்பாவை நடுவில் வைத்தேன். பாட்டரிக்குப் பக்கத்தில் பட்டை அடித்து மாட்டியாயிற்று. ஹோஸ் மடங்காமல், சைலன்சர் சூடு படாமல். டர்போக் குழாயையும் டீசலில் கழுவி மாட்டினேன். வேலை சுத்தம். நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டோம். முதலில் மிச்சமிருந்தது எரிந்து புகை. பிறகு குறைந்தது. பிறகு இல்லவே இல்லை.

அத்தான் பின்னால் போய்க் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே, மாயமால்லா இருக்கு."

"மாயம் ஒண்ணும் இல்ல அத்தான். எண்ணெ டப்பாவுல நிக்கும். கீழ திருகு இருக்கு, வாரம் ஒருக்கா வடிச்சிரணும். நெறைய விட்டுட்டா மொத்தமா எஞ்சினுக்குள்ள இழுத்துரும். டீசல் வண்டி. சாவிய எடுத்தாலும் நிக்காது, அந்த எண்ணெயக் குடிச்சே ஓடும்."

"சரி, சரி."

பாதிதான் காதில் விழுந்தது. கண் சைலன்சரில்.

மதியம் மீன்குழம்பு. எனக்குப் பெரிய துண்டு.


ஜூலை 8, செவ்வாய்

டப்பாவை வடித்தேன். மூன்றே நடை ஓடிய வண்டி. அரை டம்ளர் எதிர்பார்த்தேன். முக்கால் டப்பா.

இது சின்ன விஷயம் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. எரிந்த காற்று கீழே இறங்கி எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வருகிறது. உறுதிப்படுத்த, எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன். குபுகுபுவென்று புகை, மீன் பொரிக்கிற சட்டி மாதிரி. மூடியைக் கவிழ்த்து வைத்தால் குதிக்கிறது.

ஆக நான் வைத்தது மருந்து இல்லை. நோய் வெளியே தெரியாமல் ஒரு மறைப்பு.

அத்தானிடம் நேராகவே சொன்னேன். "எஞ்சின இறக்கணும். ரிங் மாத்தணும். இப்படியே ஓட்டினா ரொம்ப நாள் தாங்காது."

"வெளிய புகை இல்லல்லா?"

"வெளிய இல்ல."

"பின்ன என்ன?"

எழுந்து வந்துவிட்டேன். புரியாதவர்களிடம் இரண்டாம் தடவை சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அங்கேயே உட்கார்ந்து புரியவைத்திருக்க வேண்டும். புரியாமல் இல்லை அவருக்கு, அது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.


ஜூலை 10, வியாழன்

காற்று நிற்கவில்லை. கொடியில் காய்ந்த என் சட்டை பக்கத்து வீட்டுக் கூரையில்.

அத்தான் வண்டியை விற்கப் போகிறார். சின்ன வண்டி ஒன்றுக்கு அட்வான்ஸே கொடுத்தாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை தரகர் ஆள் கூட்டி வருகிறாராம்.

"எஞ்சின் நெலமைய சொல்லித்தான விக்கீய?" என்றேன்.

"ஏன் சொல்லணும்? சந்தையில மாடு வாங்குதவன் பல்லப் பாக்காமலா வாங்குதான்? பாக்கட்டும். தெரிஞ்சா வெலயக் கொறைக்கட்டும்."

"தெரியாத மாதிரி நான்லா பண்ணி வச்சிருக்கேன்."

"நீ விக்கணும்னா பண்ணே? நல்லதுக்குப் பண்ணே. விடு."

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கரண்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள், அவ்வளவுதான்.

டப்பாவைக் கழற்றிவிடலாமா என்று நினைத்தேன். கழற்றினால் ஒரே நாளில் புகை வந்துவிடும். வந்தால் விற்காது. கழற்றவில்லை. அத்தானின் வண்டி, அவர் முடிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.


ஜூலை 13, ஞாயிறு

வந்தது மைதீன்.

புளியங்குடி மைதீன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வேறொருவர் வண்டியில் கேரளாவுக்கு எலுமிச்சை ஏற்றிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவன். இதுதான் அவனுக்கு முதல் சொந்த வண்டி. எனக்குத் தெரியாது அவன்தான் என்று. அத்தானுக்கும் தெரியாது, சத்தியமாக.

"ஏலே குமாரு! இது ஒங்க அத்தான் வண்டியா? அல்லாவே, அப்ப நான் எதுக்கு இன்னிக்குக் குளிச்சிட்டு வந்தேன்?"

கட்டிப்பிடித்தான். அவன் உம்மா, அவர்கள் வந்த காருக்குள் பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பார்க்க அம்மாவையும் கூட்டி வந்திருக்கிறான்.

தரகர் அண்ணாச்சி பழைய மாட்டுத் தரகர். வண்டித் தரகுக்கு மாறியும் மாட்டுச் சந்தை வழக்கம் மாறவில்லை. தோளில் வெள்ளைத் துண்டு. அதை எடுத்து விரித்து சைலன்சர் வாயில் பிடித்தார். "மிதிங்க" என்றார். அத்தான் மிதித்தார். உறுமி அடங்கியது. துண்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். லேசாக ஒரு வட்டம், டீசல் கரி. எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

"பாத்துக்கிடுங்க. மூக்குத் தொடைக்கலாம் இதுல."

மைதீன் சும்மா விடுகிறவன் இல்லை, டிரைவர். பானெட்டுக்குள் குனிந்தான். டப்பாவைத் தட்டினான். "இது என்ன புதுசா?"

"ஒங்க கூட்டாளி வச்சது. எஞ்சினுக்கு நல்லதாம்" என்றார் அத்தான்.

மைதீன் கை எண்ணெய் மூடிமேல் போனது. திறந்தால் முடிந்தது. அந்தக் குபுகுபுவைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். திறந்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். அது உண்மை. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

கையை எடுத்துவிட்டான்.

"இதையெல்லாம் இவன் பாத்திருப்பான்லா. நீ சொல்லுல. எடுக்கவா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார். வாசலில் அக்கா, கையில் காபித் தட்டு. என்னைத்தான் பார்த்தாள்.

"புகை இல்லியேல. நீதான் பாத்தியே" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"போதும். நீ கைவச்ச வண்டி, எனக்கு அது போதும்."

அதே துண்டை அண்ணாச்சி அத்தான் கைமேலும் மைதீன் கைமேலும் போட்டார். உள்ளே விரல் பிடித்து விலை பேசினார்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது. மைதீன் பேரம் பேசவே இல்லை போலிருக்கிறது.

அவன் உம்மா காரிலிருந்து இறங்கி வந்து வண்டியின் கதவைத் தடவிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்து, "நீ இருந்தது நல்லதாப் போச்சு வாப்பா" என்றார்கள்.

எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். சென்னையில் மேனேஜரிடம் சொல்லித்தான் அந்த வேலையே கெட்டது. எங்கெங்கோ தேவையில்லாமல் சொன்னேன்.


ஜூலை 14, திங்கள்

காலையிலேயே மைதீனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினேன். "டப்பா அடியில ஒரு திருகு இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வடிச்சிரு. மறந்துராத." அவ்வளவுதான்.

அனுப்பிய பிறகு யோசனை. இரண்டு நாளைக்கு ஒருக்கா ஏன் என்று கேட்பான். அவ்வளவு எண்ணெய் ஏன் வருகிறது என்று அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு.

அவன் கேட்பதற்குள் அழித்துவிட்டேன். நேரில் போய்ச் சொல்வோம் என்று.

அக்கா, "புளியங்குடி போறேன்னியே?"

"நாளைக்கு."


ஜூலை 17, வியாழன்

போகவில்லை. செவ்வாய் பல்வலி. நேற்று எதுவும் இல்லை, போகவில்லை.

செவ்வாய்க்கிழமையே மைதீன் ஸ்டேட்டஸில் போட்டோ. வண்டி முகப்பில் மல்லிகைச் சரம். பின்னால் எலுமிச்சை மூடை, தார்ப்பாய் கட்டி. கீழே, "முதல் லோடு, துஆ செய்யுங்கள்." அதற்குப் பிறகு தினமும் கேரளா. மலை ஏற்றம், முழு பாரம். டப்பா எவ்வளவு வேகமாக நிறையும் என்று மனக்கணக்கு ஓடுகிறது. நிறுத்த முடியவில்லை.

ஓசூர் மெயில் வந்துவிட்டது. அடுத்த வாரம் சேர வேண்டும். எஞ்சின் சோதனைப் பிரிவாம். சிரிப்பு வந்தது.

ஷூ வாங்க வேண்டும். பழையது வாய் பிளந்துவிட்டது.

நாளை காலை முதல் பஸ்ஸில் புளியங்குடி. கட்டாயம்.


ஜூலை 18, வெள்ளி

கிளம்பிக்கொண்டிருக்கும்போது போன். மைதீன்.

"குமாரு, வண்டிக்குப் பேய் புடிச்சிட்டுலே."

ராத்திரி, செங்கோட்டை தாண்டி மலை ஏற்றத்தில். கால் எடுத்தும் வண்டி தானாக உறுமியதாம். பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. சாவியை எடுத்துவிட்டான், நிற்கவில்லை. கையில் சாவி, காதில் எஞ்சின் சத்தம். கிளீனர் குதித்து ஓடிவிட்டான். இவன் குதிக்கவில்லை. டாப் கியரைப் போட்டு, பிரேக்கில் ஏறி நின்று, கிளச்சை விட்டு அமுக்கியிருக்கிறான். கிளச் கருகி, எஞ்சின் செத்து நின்றது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

யாருக்கும் ஒன்றும் இல்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். போனேன்.

புளியங்குடி ஒர்க்‌ஷாப். பக்கத்திலேயே எலுமிச்சை மண்டி, தெருவெல்லாம் அந்த வாடை. மைதீன் டயர்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"மன்னிச்சிருல. நீ பாத்துப் பாத்துச் செஞ்ச எஞ்சினு. நான்தான் ஏத்தத்துல போட்டு மிதிச்சுக் கெடுத்துட்டேன் போல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவான் என்று நினைத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் பஸ் ஏறினேன்.

"ஏதோ அனுப்பிட்டு அழிச்சிருந்தியே திங்கக்கெழம. என்னன்னு கேக்கணும்னே இருந்தேன். லோடு மேல லோடு."

சொன்னேன். எல்லாவற்றையும். ரிங், டப்பா, துண்டு ஏன் சுத்தமாக இருந்தது, மூடியைத் திறந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும், அழித்த செய்தியில் என்ன இருந்தது. பாடம் நடத்துவது மாதிரி ஒழுங்காகச் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அவன் கையில் டீ ஆறிவிட்டது.

"அன்னிக்கு நான் ஒன்னக் கேட்டேன்லா?"

"கேட்டே."

"ம்."

அத்தானிடம் பேசி ஆகவேண்டியதைச் செய்யவைக்கிறேன் என்றேன். எஞ்சினை நானே இறக்கி, ரிங் மாற்றிக் கொடுக்கிறேன், ஓசூருக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். ஸ்பேனரை எடுக்கக் குனிந்துவிட்டேன்.

"வேண்டாம்." சத்தம் போடவில்லை. "வேற ஆள் வச்சுப் பாத்துக்கிடுதேன். நீ கைவைக்காண்டாம்."

பிறகு அவனே பானெட்டுக்குள் குனிந்து டப்பாவைக் கழற்றினான். ஹோஸ் பிடித்துக்கொண்டு வரவில்லை, முறுக்கி இழுத்தான். பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் நீட்டினான்.

"இது ஒன்னுது. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"சரி. பஸ் வந்துரும், போ."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே கூட்டம். டப்பா மடியில். திருகு சரியாக மூடவில்லை போல, சங்கரன்கோவிலில் இறங்கும்போதுதான் பார்த்தேன். பேன்ட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

வாசலில் அத்தானின் புது வண்டி. சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்து. அத்தான், "எங்கன போயிட்டு வாரே மாப்ளே?" என்றார்.

அக்கா கறையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

பேப்பரைப் பிரித்து, டப்பாவை அத்தானின் காலடியில் வைத்தேன். "உக்காருங்க அத்தான், பேசணும்" என்றேன்.