என் பேரில் ஒரு கார்டு

மார்ச் 4

சாப்பாட்டு மேசை முழுக்கக் கிரெடிட் கார்டு விளம்பரங்கள். கணவருக்கு இது சீட்டாட்டம் மாதிரி. சேர வேண்டும், போனஸை உருவ வேண்டும், அடுத்த வருடக் கட்டணம் வருவதற்குள் மூடிவிட்டு வேறொன்றுக்குத் தாவ வேண்டும். இப்போது எந்த வங்கியும் அவரைச் சேர்ப்பதில்லை. அதனால் என் ஞாபகம் வந்திருக்கிறது.

"உன் பேர் சுத்தமா இருக்கு" என்றார். கல்யாணமானதிலிருந்து என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

நானும் கணக்குப் போட்டேன். கட்டணம் என் பத்து நாள் சம்பளம், முதல் பில்லிலேயே பிடித்துவிடுவார்கள். போனஸ் புள்ளிகள் வருவதற்கோ, மூன்று மாதத்துக்குள் என் அரை வருடச் சம்பளத்தைச் செலவழிக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை விமான டிக்கெட்டாக எடுத்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு தேறும். கடைக் கூப்பனாக எடுத்தால் கட்டணத்துக்கே காணாது. அவருக்குக் கூப்பன்தான் வேண்டும், பாதி விலைக்கு விற்றுக் காசாக்கலாம். "இதுல நமக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன். எவர்சில்வர் டம்ளர் என் காதோரமாகப் பறந்து போய்ச் சுவரில் மோதியது.

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 19

கார்டு வந்தது. கறுப்பு. என் பெயரை மேடாகப் பொறித்திருக்கிறார்கள். தடவிப் பார்ப்பதற்குள் அவர் பர்ஸுக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 11

நண்பர்களின் பெட்ரோல், நண்பர்களின் டயர், யாரோ ஒருவனுடைய மச்சானுக்கு டிவி, எல்லாம் என் கார்டில். அவர்கள் இவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள், அதை வைத்து பில் கட்டலாம் என்பது திட்டம். ரொக்கம் எங்கே என்று கேட்டேன்.

தலைமுடியைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினார். ஒரு தடவை இல்லை. கதவில் காந்தம் போட்டு ஒட்டியிருந்த எரிவாயு ரசீது கீழே விழுந்தது. அதைப் பொறுமையாக எடுத்து, நேராக ஒட்டிவிட்டு வெளியே போனார். அடியைவிட அந்தப் பொறுமைதான் பயமாக இருக்கிறது.

எங்கள் கால்நடை கிளினிக்கில், ஊசி போடும்போது மிருகங்களைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பெரிய நாய் ஒன்று மோதிவிட்டது என்றேன். டாக்டரம்மா ஐஸ் பையை நீட்டினார். எந்த நாய் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 12

வாயைத் திறந்தால் தாடை டக்கென்கிறது.

மே 23

போனஸ் வந்துவிட்டது. செய்தி என் போனுக்குத்தான் வந்தது. புள்ளிகளும் என் கணக்கில்தான். என் போன் இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. இது அவர் கணக்கில் விட்டுப்போன இடம்.

அக்காவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது, டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அமைதியாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, அந்த ஈரக் கையாலேயே அறைந்தார்.

போன் பூட்டின் எண்ணை மாற்றிவிட்டேன். திறக்க எனக்கு என் விரல் ரேகை போதும்.

மே 27

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் வரும்.

நேற்று மதியம். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்தார். போன் அவர் கையில். என் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையில் அழுத்தினார். வியர்வை, ரேகை படியவில்லை. மறுபடி. மறுபடி. நான் விரலை மடக்கிக்கொண்டேன். அவர் நிமிர்த்தினார். நிமிர்த்திக்கொண்டே போனார் — பின்பக்கமாக. சத்தம் கேட்டது. என் விரல் அது. என்ன மனுஷன்! ஒரு கூப்பனுக்கு!

அவர் மணிக்கட்டைக் கடித்தேன். கடிக்கும் நாயிடமிருந்து கையை இழுக்கக் கூடாது, இழுத்தால் கிழியும். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இழுத்தார், போன் கீழே விழுந்தது.

அப்புறம் தேய்ப்புப் பெட்டி என் இடது கையில் இருந்தது. எப்போது எடுத்தேன்? அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். சூடு அவர் கன்னத்தில் பட்டிருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினார்.

"கீழ வைடி."

"ஒரு அடி முன்னால வா. வச்சுடறேன், உன் மூஞ்சில."

இத்தனை வருடத்தில் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. பின்வாங்கினார். கண்ணில் பயம். சுவரோரம் ஒதுங்கும் மிருகங்களின் கண்ணில் தினமும் பார்க்கும் அதே பயம்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை எழுதாமல் விட முடியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் தேய்த்திருப்பேன். நிச்சயம் தேய்த்திருப்பேன். அதற்குப் பயந்துதான் போனையும், இந்த நோட்டு இருந்த கைப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கிளினிக்குக்குத்தான் போனேன். வேறெங்கே போவது? "இந்தத் தடவையும் நாயா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல. வீட்டுக்காரர்."

நாய்க் காலுக்கு வைக்கும் கட்டையை அளவாக வெட்டி விரலுக்கு வைத்துக் கட்டினார். பிறகு ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கூடவே வந்தார். இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன்.

மே 29

டிக்கெட் எடுத்தாயிற்று. போக மட்டும்.

ஜூன் 20

அக்கா வீட்டு மாடி அறை. கார்டை முடக்கச் சொல்லி வங்கிக்குப் போன் செய்தேன். யார் செலவழித்திருந்தாலும் கையெழுத்து உங்களுடையது, கட்ட வேண்டியதும் நீங்கள்தான் என்கிறார்கள். தவணை போட்டுத் தருவார்களாம். அக்கா வங்கியையும் அவரையும் ஒரே மூச்சில் திட்டினாள். இங்கேயும் ஒரு கால்நடை கிளினிக்கில் ஆள் தேவையாம். விரல் முழுதாக மடங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மார்ச் 3

இரண்டாம் வருடக் கட்டணம் விழப்போகிறது. கடைசித் தவணையைப் போன வாரமே கட்டிவிட்டதால், கார்டை மூடச் சொன்னேன். வங்கிப் பெண் விடவில்லை. பாதிக் கட்டணம் போதும், மேலே கொஞ்சம் புள்ளிகளும் தருகிறோம், போன வருடம் ரொம்ப நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் மேடம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடிவிட்டேன்.

மார்ச் 9

காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சின்னக் குரல். என் கணவர் வீட்டில் இப்போது இருப்பதாகச் சொன்னாள். என் எண் அவர் போனில் கிடைத்ததாம். வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"கோவப்படாதீங்க அக்கா. ஒண்ணு கேக்கணும். என் பேர்ல ஒரு கார்டு வாங்கச் சொல்றார். சேர்ந்தா நிறைய போனஸாம். வருஷக் கட்டணம் ரொம்ப அதிகமா?"

அவள் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொன்னேன். கட்டணம் எவ்வளவு, எதை எடுத்தால் எவ்வளவு தேறும், எல்லாம். பிறகு ஃப்ரிட்ஜ் கதவைப் பற்றிச் சொன்னேன். விரலைப் பற்றிச் சொன்னேன். நான் கடித்ததையும் மறைக்கவில்லை.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"கையெழுத்து போட்டுட்டேன் அக்கா. கார்டு இன்னும் வரல."

கார்டை மூடலாம், அதற்கு வழி இருக்கிறது, முதலில் அங்கிருந்து கிளம்பு என்றேன். எங்கே போவது என்று கேட்டாள். அக்கா வீட்டு விலாசத்தைச் சொன்னேன். மெதுவாக, இரண்டு தடவை.

இப்போது அக்கா மாடியில் இன்னொரு பாய் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் வரும் பேருந்து நாளைக் காலை வந்து சேரும். முகம் தெரியாது. மஞ்சள் துப்பட்டா போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.