ஆறு புளியங்கொட்டைகள்

1961, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

வாரப் பத்திரிகைப் புதிர் இந்த முறை என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. கலைத்துப் போட்ட ஆறு எழுத்துகளை அடுக்கி ஒரு சொல் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் இதுவரை யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. வழக்கம்போல வெற்றிலைச் சுண்ணாம்பால் புளியங்கொட்டைகளில் எழுத்துகளை எழுதி, தரையில் பரப்பி நகர்த்திக்கொண்டிருந்தேன். டி, கு, பா, ட், வெ, க். பேரப்பிள்ளைகள்கூட அவற்றைத் தொடக் கூடாது.

மத்தியானம் சின்ன மருமகள் கமலா கூடத்தைப் பெருக்க வந்தாள். வயிற்றுப்பிள்ளை தங்காமல் போனதால் கீழ்பென்னாத்தூரில் தாய்வீட்டில் இருந்துவிட்டு வந்தவள். வந்ததிலிருந்து "சரிங்க அத்தை" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கொட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"கையில வெச்சிக்கினே தேடுறீங்களே அத்தை!"

குனிந்து பார்த்தேன். கையில் பாக்குவெட்டி.

அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும், போய்ப் பெருக்கு" என்றேன். வேறு யாராவது சிரித்திருந்தால் எனக்குக் கோபம் ஜாஸ்தி வந்திருக்கும்.

அதே பத்திரிகையில் இருந்த இரண்டாவது புதிரைச் சாயங்காலமே முடித்துவிட்டேன். இப்போது அந்தப் புதிரின் கொட்டைகளை மறுபடி கலைத்து, காலையில் அவள் கண்ணில் படும்படி அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அண்ணாமலையாரே, அவள் சட்டென்று கண்டுபிடித்துவிடக் கூடாது. நாலு தரமாவது என்னிடம் வந்து கேட்க வேண்டும்.