பம்ப் என்னிடம் இருந்தது

ஞாயிறு.

எங்கள் ஊரான ராசாவிலிருந்து அணைக்கட்டு ஏரிவரை சைக்கிளில் போனோம், நானும் தேவனும். பாரம் குறைய, சாமான்களைப் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். மாற்று டியூப் அவனிடம், பம்ப் என்னிடம்.

அவன் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வந்திருந்தான். அது எனக்குத் தெரியும். மேட்டில் பின்தங்கினான். போன வாரத்தைவிட நான் வேகமாக ஏறுவதாகக் கைப்பேசி காட்டியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே ஏரி அசையாமல் கிடந்தது. படம் எடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவனைத் தேடி இறங்கினேன். பாதி மேட்டில், சாலையோரம் உட்கார்ந்திருந்தான். பஞ்சர். புது டியூப்பைப் போட்டுவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தான்.

"எத்தன தடவ கூப்புட்டேன் தெரியுமா?"

"மேல லைன் இல்லடா மச்சான்."

"சரி லா. இங்க ஒரு கொரங்கு வந்துச்சு, அதுகிட்டகூட பம்ப் கேட்டுட்டேன். ஏரி எப்படி?"

"நல்லா இருந்துச்சு."

நான் காற்றடித்தேன். அவன் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தபடி, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"அடுத்த வாரம் நானும் ஒரு பம்ப் வாங்கிடறேன் லா."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எந்தப் பம்ப் நல்லது என்று அவனுக்கு விளக்கிக்கொண்டே இறங்கினேன்.