வலக் காதின் படம்

கண்டி, சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

மாமியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீங்கள் வரும்வரை மகளின் காது வைத்தியத்துக்குப் பொறுக்கச் சொன்ன தந்தி புதன்கிழமையே கிடைத்தது. கிடைக்கவில்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

அன்றைக்குத் தவமணியின் வலக் காதுக்குப் பின்னால் வீக்கம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் அசையாமலிருக்க நானே தலையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். இடக் காதெலும்பு தேன்வதைபோலத் தெளிவாக இருந்தது. வலப்பக்கம் ஒரே மூட்டம்.

"சீழ் மூளைக்குப் போகமுந்தி இண்டைக்கே வெட்டோணும். தகப்பன் எங்கை?"

"தாய் நான் இருக்கிறன்" என்று கையொப்பம் வைத்தேன்.

வெட்டி முடியும்வரை கதவுக்கு வெளியே இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இன்று காய்ச்சல் விட்டு, கஞ்சி கேட்டாள். அந்தக் காது கேட்குமோ, இன்னும் தெரியாது. வந்து என்னைக் கோபியுங்கள். அவளோடு மட்டும் இடப்பக்கம் இருந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
பொறுக்காத உங்கள் மனைவி