சாமி மேடையில் ஒரு டிராக்டர் ஆணி

கேமரன் மலை
18.11.1981

அன்பு மகன் அர்ஜுனனுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் உயிரோடும் கை காலோடும் இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் அப்படியே இருக்க மாரியாத்தா துணை. இது என்ன இப்படி ஆரம்பிக்கிறாள் என்று பதறாதே. உன் பெண்டாட்டி நீலாவதி நன்றாக இருக்கிறாள், வயிற்றில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் நன்றாக இருக்கிறது, இதை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே போ. போன வியாழக்கிழமை காலையில் உன் அப்பா ஓட்டிய டிராக்டரில் இருந்து டிரெய்லர் கழன்று, பதினோரு பெண்களோடு மலைப் பாதையில் பின்னால் உருண்டது. அதில் நீலாவதியும் இருந்தாள். இதை உனக்கு எழுதவே கூடாது என்று உன் அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால்தான் எழுதுகிறேன். அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு நான் கண்டது போதும்.

டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பூட்டுகிற அந்தப் பழைய ஆணி உனக்கு மறந்திருக்காது. சித்திரையில் எட்டு நாள் லீவில் வந்தபோதே அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உன் அப்பாவோடு சண்டை போட்டாயே. நடுவில் இடுப்பு வைத்த மாதிரி தேய்ந்து கிடந்தது. அது மேலே எழும்பாமல் பிடிக்கிற கிளிப்பு எந்தக் காலத்திலோ தொலைந்து, அதற்குப் பதில் முறுக்கி வைத்த கம்பியும் அறுந்து போயிற்று. ஆணி போனாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இழுத்துப் பிடிக்க ஒரு சங்கிலி இருந்தது, அதைக் கோயில் ஆட்டைக் கட்ட யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள், ஆட்டை வெட்டிக் கறியும் தின்றாயிற்று, சங்கிலி திரும்பி வரவில்லை. ஆபீஸ் கணக்கெழுதுகிற சிரில் கிராணியிடம் கேட்டால் எழுதிப் போட்டிருக்கேன் வரும் வரும் என்பார். வரும் வரும் என்று ஆறு மாதம் வந்தது. நீ பாவம் துறைமுகத்தில் டிரெய்லர் பூட்டுகிற வேலையில் இருப்பவன், உனக்கு அந்த ஆபத்து தெரியும், புரட்டாசியில் புது ஆணியும் வில் வைத்த கிளிப்பும் புதுச் சங்கிலியும் பார்சல் கட்டி அனுப்பினாய். கூடவே நாலு பக்கக் கடிதம். ஆணியில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கிளிப்பு முழுசாக உட்கார்ந்ததா பாருங்கள், பூட்டியதும் கொஞ்சம் முன்னால் இழுத்து நிறுத்தி இறங்கி மறுபடியும் பாருங்கள், ஆட்களைப் பின்பக்கம் நெருக்கி ஏற்றாதீர்கள், பின்னால் பாரம் அதிகமானால் ஆணி மாட்டுகிற டிரெய்லர் முன்வளையம் மேலே எழும்பி ஆணியைத் தூக்கிவிடும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை உன் அப்பா லயத்தில் ஐந்து வீட்டுக்குப் படித்துக் காட்டினார். ஐந்து வீட்டுக்காரர்களும் பாடமே பண்ணிவிட்டார்கள், படித்தவர் காதில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை.

கம்போங் ராஜா தபால் ஆபீசில் இருந்து பார்சலைத் தோளில் சுமந்து வந்தபோது இருந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வந்த மறுவாரமே ஆயுத பூஜை. டிராக்டரைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சரி. உன் ஆணியை வீட்டுச் சாமி மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சங்கிலியைப் பக்கத்தில் சுருட்டி வைத்துப் பூப் போட்டார், அதுவும் சரி. மறுநாள் எடுத்து மாட்டுவார் என்று பார்த்தேன். “பூஜையில வச்ச சாமான், நாள் பாக்காம எடுக்கக் கூடாதுலா” என்றார். நாள் பார்க்கத் தீபாவளி வந்துவிட்டது, தீபாவளி கழியட்டும் என்றார். அது கழிந்தால் சஷ்டி விரதம், விரத நாளில் கிரீசைத் தொடுவதா என்றார். விரதம் முடிந்தால் ஐப்பசி முடியட்டும் என்றார். இதற்கு நடுவில் வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் கையில் கொடுத்து, தூக்கிப் பாரு என்ன கனம், சிங்கப்பூரு இரும்பு, எம்மவன் அனுப்பினது என்பார். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடியும் படுக்க வைப்பார். சிரில் கிராணி வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவரையும் அதன் முன்னால் கை கூப்ப வைத்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆணியை எடுத்து டிராக்டர் பெட்டியில் போட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடித்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, மேடையிலேயே வைத்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, எனக்கும் காது ஓய்ந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா, தினமும் காலையில் மேல் மலைக்குக் கொழுந்து வெட்டப் போகும்போது டிரெய்லரில் முன்பலகையில் இடம் பிடித்து உட்கார்ந்து, அந்தப் பழைய ஆணியையே முறைத்துக்கொண்டு போவேன். மேட்டிலும் குழியிலும் அது மெல்ல மெல்ல மேலே வரும். ஏறுது ஏறுது என்று தொண்டை கிழியக் கத்துவேன். உன் அப்பா டிராக்டரை நிறுத்தி, இறங்கி வந்து, பூட்சுக் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். ஒரு மலை ஏறுவதற்குள் மூன்று தடவை இந்தக் கூத்து. பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள், பக்கத்து வீட்டு ருக்குமணி எனக்கு ஹாரன் என்றே பேர் வைத்துவிட்டாள். நீலாவதியை வேலைக்கு வராதே என்று எத்தனை தடவை சொன்னேன். எட்டாம் மாசத்தில நின்னுக்கிறேன் அத்தை, இப்பவே நின்னா வேலைக் கணக்குல இருந்து பேரை எடுத்துடுவாங்க என்கிறாள். வாந்தி நின்றுவிட்டது, ஆனால் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஊறுகாயை மட்டும் பாட்டிலோடு காலி பண்ணுகிறாள். கியா பார்ம் சந்தைக்குப் போனவர்களிடம் சொல்லி முள்ளங்கி வாங்கி வந்து சாம்பார் வைத்தால் அதில் இருக்கும் புளி போதாதாம். நீயும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. அவளுக்கு எழுதும் கடிதத்தில் நலமா, சாப்பிட்டாயா என்று இரண்டு வரி, ஆணிக்கு மட்டும் நாலு பக்கம்.

வியாழக்கிழமை காலையில் செல்லையா கங்காணி என்னை நாற்று மேடைக்குப் போகச் சொல்லிவிட்டார், அங்கே ஆள் குறைவாம். மூன்று நாளாக மழை, பாதை எல்லாம் சேறு. நான் நீலாவதியைக் கூப்பிட்டு, நீ என் இடத்தில் உட்கார், ஆணி எழும்பினால் வாய்விட்டுக் கத்து என்று சொல்லித்தான் அனுப்பினேன். மழைக்குப் பயந்து எல்லாரும் பின்பக்கம் படுதாவுக்கு அடியில் ஒண்டிக்கொண்டார்கள். நீ எழுதிய மாதிரியே முன்வளையம் தூக்க ஆரம்பித்திருக்கிறது. ஓடைக்கு மேலே இருக்கும் அந்தச் செங்குத்து ஏற்றத்தில் ஆணி பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டதை நீலாவதி பார்த்திருக்கிறாள். பார்த்தவள் கத்தினாளா? மாமா என்று மெதுவாகக் கூப்பிட்டாளாம். இன்னொரு தடவை மாமா என்றாளாம். டிராக்டர் போடுகிற சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும். அத்தனை பேர் முன்னால் மருமகள் மாமனாரைப் பார்த்துக் கூச்சல் போட்டால் நல்லா இருக்குமா அத்தை என்று என்னிடமே கேட்கிறாள். கூச்சல் போடக் கூசியவள், பலகையைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி அவளே அந்த ஆணியை மிதிக்கப் பார்த்திருக்கிறாள். ஏழு மாத வயிற்றோடு, ஓடுகிற வண்டியில். ருக்குமணி பார்த்துவிட்டு அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறாள். இழுத்த அந்த நொடியில் ஆணி துள்ளி வெளியே போய்விட்டது.

அந்த இடத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஓடை வரைக்கும் பள்ளம், உனக்குத் தெரியும். டிரெய்லர் முப்பது நாற்பது அடி பின்னால் ஓடி, மண்மேட்டுப் பக்கம் திரும்பித் தேயிலைச் செடிக்குள் சக்கரம் ஏறி நின்றுவிட்டது. அது ஏன் அந்தப் பக்கம் திரும்பியது என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை வந்திருக்காது. ருக்குமணிக்கு மணிக்கட்டு சுளுக்கு, நீலாவதிக்கு நெற்றியில் புடைப்பு, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. தோட்டத்து மருந்துக்கார டிரசர் வந்து வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, புள்ளை ஜோரா இருக்கு என்றார், நான் நம்பாமல் மறுநாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்க் காட்டினேன், அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். சாயங்காலம் வயிற்றுக்குள் உதைத்தது, நானே கை வைத்துப் பார்த்தேன். இப்போது வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். பேரை எடுத்தால் எடுக்கட்டும்.

உன் அப்பா டிராக்டரில் இருந்து குதித்து ஓடி வந்து பெண்களை எண்ணினாராம். பதினொன்று. மறுபடியும் எண்ணினாராம். நீலாவதியைப் பார்த்து, ஏம்மா என்று ஆரம்பித்தவர், அப்படியே திரும்பி ஒன்றரை மைல் சேற்றில் ஓடி வீட்டுக்கு வந்து, மேடையில் இருந்த ஆணியையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு போய், குங்குமத்தைக்கூடத் துடைக்காமல் அத்தனை பேர் பார்க்க மாட்டினார். கிளிப்பைப் போட்டார், சங்கிலியைப் போட்டார், இழுத்து நிறுத்தி இறங்கிப் பார்த்தார். உன் கடிதத்தில் இருந்த ஒன்று பாக்கியில்லை. ஆபீசில் விசாரித்தபோது சிரில் கிராணி பயந்து, ஆபீஸ் ஆணி வராததால்தான் என்று எழுதப் போனாராம். உன் அப்பா தடுத்து, புது ஆணி என் வீட்லதான் இருந்துச்சு, மாட்டாதது என் தப்பு என்று துரை முன்னாலேயே சொல்லிவிட்டார். துரை எச்சரிக்கை கொடுத்து, நாலு நாள் வண்டியைத் தொடக் கூடாது என்று உட்கார வைத்தார். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, இன்னும் நாலு நாள் வைத்திருக்கலாம்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எல்லாம் எழுத முடியாது. லயத்தில் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பதினோரு பேர் உயிர் உங்களுக்கு விளையாட்டாப் போச்சா, கையில் இருக்கிற ஆணியை மாட்ட உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டேன். பூட்சில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னார், “அவன் கைபட்ட சாமான்லா அது. வண்டியில மாட்டினா தேஞ்சு போயிடுமே.” நாள் பார்த்தது, விரதம், ஐப்பசி எல்லாம் வெறும் சாக்கு, அர்ஜுனா. இதுதான் காரணம். ஆறு வருஷமாக நீ மாதம் தவறாமல் காசு அனுப்புகிறாய், சட்டை அனுப்புகிறாய், அதெல்லாம் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்குவது. இது நீ தினமும் கையில் பிடித்து வேலை செய்கிற சாமான், அவரும் பிடித்து வேலை செய்கிற சாமான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் வந்துவிட்டது, அவர் முன்னால் அழக் கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதோடு திருந்தினார் என்றுதானே நினைப்பாய். நேற்று டீ குடித்துக்கொண்டே மெதுவாகச் சொல்கிறார், ஏ புள்ள, அவனுக்கு எழுதுறப்ப இன்னொன்னு வாங்கி அனுப்பச் சொல்லு, மேடை வெறிச்சுன்னு கிடக்கு என்று. இந்த மனுஷனை என்ன செய்வது. நீ அனுப்பிவைக்கிற ஆள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இன்னொரு ஆணி அனுப்பினால் இரண்டு பேரையும் சும்மா விடமாட்டேன். நீலாவதிக்குத் தையில் நாள். லீவு கிடைக்காது, கொங்சிக் கொட்டகையில் எட்டுப் பேரில் ஒருத்தனாகக் கிடக்கிறேன், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் வருகிறேன் என்று நீ போன கடிதத்தில் எழுதியதை நான் இன்னும் அவளிடம் காட்டவில்லை. அந்தக் கடிதத்தை நான் படிக்காத மாதிரியே வைத்துக்கொள்கிறேன், நீ வேறு கடிதம் எழுது. உங்கள் துரையிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாவது லீவு வாங்கு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, உன் வேலையில் நீயும் இறங்கி ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டு வண்டியை எடு. முருகனும் மாரியாத்தாவும் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வயசு இருந்து உன் பிள்ளையை வளர்க்க வேண்டும். மறக்காமல் உன் அப்பா பேருக்குத் தனியாக இரண்டு வரி எழுது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. தேயத்தான் வாங்கினேன் அப்பா, நன்றாகத் தேயட்டும், தையில் வந்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நானே கழற்றிப் பார்க்கிறேன் என்று எழுது.

உன் மேல் கோபம் தீராத அம்மா,
நவமணி