மேடைக்கு மேலே நாலு ஷீட்

ஜூன் 2, 2025, திங்கள்

குற்றால சீசன் சீக்கிரமே தொடங்கிவிட்டது. ஊரே சாரல் சாரல் என்று கொண்டாடுகிறது. கூரை ஒழுக்கு அடைக்கிற எங்களுக்குச் சாரல் என்றால் "ஒழுகுது" என்கிற போன். காலையிலிருந்து லாட்ஜ்காரர்கள் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார்கள். ஏப்ரல், மே முழுக்க வெயில் காய்ந்தபோது ஒருத்தரும் கூப்பிடவில்லை. கட்டிலில் சொட்டினால்தான் கட்டடத்துக்குக் கூரை இருப்பதே இவர்களுக்கு ஞாபகம் வரும்.

அண்ணன் பேச்சிராஜ் சிரிக்கிறான். "எல்லாரும் கோடையிலேயே கூப்பிட்டுட்டா, மழைக்கு நாம என்னட்டி செய்ய?"

அவனுக்கு எல்லாமே சிரிப்பு. மேலே ஏறுவது அவன். கீழே நின்று அளவெடுப்பதும் முதலாளிகளிடம் மல்லுக்கட்டுவதும் நான். சிவில் டிப்ளமோ முடித்தவளுக்கு இந்த ஊர் கொடுத்த வேலை இதுதான்.

ஜூன் 4, புதன்

குற்றாலம் ரோட்டில் நல்லகண்ணு அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். தகர ஷீட் கூரை. குரங்குகள் ஏறிக் குதித்து ஸ்க்ரூவெல்லாம் தளர்ந்துவிட்டது. அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் பொரிந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் போகிற வாய்க்கால் நிறைய இலையும் குரங்குகள் தின்று போட்ட சோளத்தக்கையும். மணமேடையில் சொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பட்டப்பகலிலும் உள்ளே லைட் போட்டால்தான் எதிரில் நிற்பவர் முகம் தெரிகிறது.

"ஷீட்டு காயாம மேல ஏறக்கூடாது அண்ணாச்சி" என்றேன்.

"நீ சொல்லுதது சரிதாம்மா. அதைப் பொண்ணு வீட்டுக்காரன்ட்ட போய்ச் சொல்லு. தாலி கட்டுத நேரத்துல மாப்பிள்ளை தலையில சொட்டிச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்?"

அண்ணன் குறுக்கே புகுந்தான். "வெயில் அடிக்குத நேரம் பாத்து முடிச்சிருவோம் அண்ணாச்சி."

பாதுகாப்பு பெல்ட்டுக் கயிற்றை மாட்ட அந்தக் கூரையில் ஒரு கொக்கிகூடக் கிடையாது. என்றைக்காவது ஒரு மனுஷன் இங்கே ஏறுவான் என்று கட்டியபோது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 6, வெள்ளி

அண்ணன் விழுந்துவிட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தா. எதையாவது எழுதிக்கொண்டிருந்தால்தான் இங்கே உட்கார முடிகிறது.

ஷீட் கூரையில் ஸ்க்ரூ வரிசை மேல்தான் நடப்போம். அதற்கு நேர் கீழே இரும்புச் சட்டம் ஓடும். கை எட்டாத இடத்துக்கு ஒரு காலைத் தள்ளி வைத்துத்தான் ஆக வேண்டும். தகரம் நெளியும், ஆனால் தாங்கும். வெளிச்சத்துக்காக நடுவில் போடுகிற பைபர் ஷீட் தாங்காது. வெயிலில் காய்ந்து அப்பளமாகியிருக்கும். ஆனால் பார்த்தாலே தெரியும், பழுத்த மஞ்சள். விவரம் தெரிந்த எவனும் அதில் கால் வைக்க மாட்டான்.

மேடைக்கு மேலே நாலு பைபர் ஷீட். நாலுக்கும் பச்சைப் பெயிண்ட். சுற்றியிருக்கும் தகரத்துக்கும் அதே பச்சை. கால் வைத்தவனுக்கு எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்?

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மண்டப மேனேஜர் ரவிதான் பயத்தில் சொல்லிவிட்டான். "வீடியோகாரங்க சண்டை போட்டாங்கக்கா. மேலருந்து வெளிச்சம் விழுந்து பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போவுதாம். அதான் போன வருசம் அண்ணாச்சி பெயிண்ட் அடிக்கச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டோம்."

பொண்ணு மூஞ்சி! இந்நேரம் தாலி ஏறியிருக்கும். மேடையைக் கழுவியிருப்பார்கள். ஓட்டைக்கு மேல் தார்ப்பாய் போட்டிருப்பார்கள். படம் நன்றாக வந்திருக்கும்.

அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டாக்டர் "பாப்போம்" என்கிறார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம்?

ஜூன் 11, புதன்

நாளை வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வருகிறது. பெயிண்ட் விஷயத்தைச் சொல்லிவிடு என்று அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சொன்னால்தான் கேஸ் நிற்கும். அவன் மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நல்லகண்ணு அண்ணாச்சி ஆப்பிள் பையோடு வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை, பேச்சு முழுக்க அம்மாவிடம். "உலகம்மை, உன் மவன் எனக்கு மவன் மாதிரி." அம்மா அழுதுகொண்டே முந்தானையால் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள்.

அவர் பெற்ற மகன் எந்தக் கூரையில் ஏறினான்? கேட்டிருக்க வேண்டும். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு ஆப்பிள் பையை வாங்கி வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

"ஈரத்துல நானேதான் வழுக்கி விழுந்தேன் சார். யாரு மேலயும் தப்பில்ல."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏட்டு எழுதிக்கொண்டு போகும்வரை அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"ஏண்ணே? நீ எங்க வழுக்குன? ஷீட்டு உடைஞ்சுல்லா விழுந்த?"

"சத்தம் போடாதட்டி. மண்டபக்காரன், லாட்ஜுக்காரன் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஒருத்தன் மேல கேஸ் போட்டா, அப்புறம் தென்காசியில எவன் உன்னய வேலைக்குக் கூப்பிடுவான்?"

"கூப்பிடாட்டாப் போறான்!"

"அப்போ எனக்கு யாருட்டி கஞ்சி ஊத்துவா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து மருந்துச் சீட்டு வரிசையில் சும்மா போய் நின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ரவிக்குப் போன் போட்டேன். "நான் அப்படி ஒண்ணும் சொல்லலியேக்கா" என்கிறான்.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். இனி நடக்க மாட்டான் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அவனுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. சக்கர நாற்காலி கக்கூஸ் வாசலில் நுழையவில்லை. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். உள்ளே உட்காரவைத்ததும் அவன் ஓவென்று கத்தினான். வலியில்லை. வெட்கம்.

தெருமுனையில் ஒரு வேன் நிறைய ஈரத்துண்டோடு ஆட்கள், அருவியில் குளித்துவிட்டுப் பாட்டும் கூத்துமாகப் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம்? இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜ் முதலாளி போனில் கூப்பிட்டார். மொட்டைமாடிக்கு மேல் போட்ட ஷீட் ஒழுகுகிறதாம்.

"நல்லகண்ணுதான் நம்பர் தந்தாரு. நல்ல குடும்பம், பிரச்சினை பண்ணாத ஆளுங்க, தைரியமாக் கூப்பிடும்னாரு. மேல ஏற ஆள் இருக்குல்லா?"

அண்ணன் கட்டிலில் இருந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஏறுவேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலையில வாரேன்" என்றேன்.

என் காதிலேயே விழுந்தது. குரலில் அவ்வளவு மரியாதை.