ஒன்பதில் இரண்டு

11 மார்ச் 2024, திங்கள்
ஒன்பதாவது முறையும் செய்து பார்த்தாயிற்று. கதிர்வீச்சில் டி.என்.ஏ. உடைந்தால், அது சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஓர் அடையாளம் விழும். நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளி. சுருள் தளர்ந்து, உடைப்பு சரியானதும் புள்ளி மறையும். தளர்த்துவது ஒரே ஒரு புரதம்தான் என்று என் ஆய்வு வழிகாட்டி ராஜகோபாலன் சார் பத்து வருடமாகச் சொல்கிறார். அதை நீக்கிவிட்டால் மறுநாளும் புள்ளிகள் இருக்க வேண்டும். இரண்டு முறை இருந்தன. ஏழு முறை இல்லை.

12 மார்ச்
சார் நிமிரவே இல்லை. "அந்த ரெண்டுதாம்மா கரெக்ட். மத்த ஏழுல செல்ஸ் ஹெல்தியா இல்ல. விட்டுடு."
செல்கள் நன்றாகத்தான் இருந்தன.

2 ஏப்ரல்
ஜூனில் என் பிஎச்.டி. பதிவுக் காலம் முடிகிறது. சார் கையெழுத்து போடாவிட்டால் ஆறு வருடமும் போச்சு. "எவ்ளோ நாள்தான் ஜென்சி அங்கேயே கெடப்ப?" என்றார் காலேப். கணவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

19 ஏப்ரல்
மாட்டேன் மாட்டேன்னு சொல்லிட்டே அந்த ரெண்டு படத்தையும் மட்டும் தீசிஸ்ல ஒட்டிட்டிருக்கேன். என்ன மனுஷி நான்?

14 நவம்பர்
வாய்மொழித் தேர்வு. "எத்தனை முறை செய்தீர்கள்?" என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். நான் வாய் திறப்பதற்குள் சார், "எல்லா ரிப்பீட்டும் ஒரே மாதிரி சார்" என்றார். நான் தலையசைத்தேன்.
கைதட்டினார்கள். அதே ஆய்வகத்தில் வேலையும் தந்தார்கள்.

9 ஜூலை 2025
புதிதாகச் சேர்ந்த ஓவியா நான்கு மாதமாக என் சோதனையைத் திரும்பச் செய்கிறாள். இன்று மின்சார ரயிலில் அழுதுவிட்டாள். "அக்கா, உங்க ரிசல்ட் எனக்கு வரவே மாட்டேங்குது. என் கை சரியில்லன்னு சார் சொல்றாரு. நான் என்னக்கா தப்பு பண்றேன்?"
நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லித் தாம்பரத்தில் இறங்கிவிட்டேன். அவள் பெருங்களத்தூர் வரை போக வேண்டும். அழுதுகொண்டேதான் போயிருப்பாள்.
இரும்புலியூர் வரை நடந்தே வந்தேன்.

10 ஜூலை
என் பழைய நோட்டை ஓவியாவிடம் கொடுத்தேன். ஒன்பது முறைக்குமான எண்ணிக்கையும் அதில் இருக்கிறது. நின்றபடியே புரட்டினாள்.
"அப்போ என் கை...?"
"நல்லாத்தான் இருக்கு. எனக்கும் வரலம்மா."
அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.
மதியம் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றரைப் பக்கம் கடிதம். அடியில் ஜென்சி என்று மட்டும் கையெழுத்திட்டேன். முன்னால் டாக்டர் போடவில்லை.